மருத்துவ மாணவனின் ஏடு

ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் மருத்துவம் கற்ற மாணவர் எந்த ஆண்டிற் கல்லூரி புகுந்தனர், எந்த ஆண்டிற் பட்டம் பெற்றனர் என்பவற்றைப் பல்கலைக் கழகப் பதிவேடுகள் கூறும். எந்தெந்த நூல்கள் அவர்களுக்குப் பாடமாயிருந்தன என்பதைக் கல்லூரிச் சட்டங்கள் கூறும். ஆயின், அவர்கள் எவ்வாறு கற்றனர், கற்குங்கால் எதற்கு அஞ்சினர், எதனைக் கண்டு மலைத்தனர், யாரும் அறியாமல் என்ன செய்தனர் என்பவற்றைப் பதிவேடும் கூறாது, சட்டமும் கூறாது. அவற்றைக் கூறவல்லது மாணவன் தன் கையால் எழுதி வைத்த குறிப்பு ஒன்றே. அத்தகைய குறிப்புகளுட் சிறந்து விளங்குவது, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் நகரத்துப் பெலிக்ஸ் பிளாட்டர், தென் பிரான்சிலுள்ள மான்பெலியே நகரில் 1552 முதல் 1557 வரை மருத்துவம் பயின்ற காலத்தைப் பற்றியதாகும்.

பிற்காலத்திற் பிளாட்டர் பெரும் புகழ் வாய்ந்த மருத்துவரானார். 1571-இல் பாசல் பல்கலைக் கழகத்தின் மருத்துவப் பேராசிரியராகவும் அந்நகரத்தின் தலைமை மருத்துவராகவும் அமர்ந்தார். கண்ணில் ஒளியை உணர்வது வில்லையன்று, விழித்திரையே என்று 1583-இல் வெளிவந்த தம் உடற்கூற்று நூலில் எழுதினார். வானநூல் வல்லுநரான கெப்ளர், பார்வையின் இயல்பை 1604-இல் விளக்கியபோது பிளாட்டரின் நூலைத் துணையாகக் கொண்டார். இத்தகைய பெருமைக்குக் காரணம் அவர் படித்த நூல்களா, பயின்ற கல்லூரியா, பிறவி அறிவா எனின், மூன்றும் காரணங்களே. எனினும் நான்காவதாக ஒன்று உண்டு. கண்டதைக் கண்டவாறே எழுதி வைக்கும் பழக்கம் அது. மாணவப் பருவத்தில் தோன்றிய அப்பழக்கமே ஒரு மருத்துவரை உருவாக்கியது என்பதற்கு அவர் வரலாறு சான்று பகர்கின்றது.

ஆடு மேய்த்தவர் பெற்ற மகன்

பெலிக்ஸின் தந்தை தாமஸ் பிளாட்டர், ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் ஏழைக் குடியிற் பிறந்து, சிறு வயதில் ஆடு மேய்த்தவர். பின்னர் ஊர் ஊராகத் திரியும் ஏழை மாணவர் கூட்டத்தோடு சேர்ந்து, இரந்துண்டு, ஜெர்மானிய நாடுகளில் அலைந்தவர். வாலிபப் பருவத்திலேதான் அவருக்கு முறையான கல்வி வாய்த்தது. கயிறு திரிக்கும் தொழிலிற் கூலிக்கு உழைத்துக்கொண்டே இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். பாசலிற் கூட்டாளிகளுடன் அச்சகம் நடத்தினார். கால்வின் எழுதிய சமய நூலின் முதற் பதிப்பு 1536-இல் அந்த அச்சகத்திலிருந்துதான் வெளிவந்தது. அதே ஆண்டிற் பெலிக்ஸ் பிறந்தான். 1544-இல் தாமஸ் பாசலின் பெரிய பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்.

தாமஸுடன் முன்பு அச்சுத் தொழிலிற் கூட்டாக இருந்தவர் ஒப்போரினஸ். மனித உடலைத் தம் கையால் அறுத்துக் கண்டு வெசாலியஸ் எழுதிய பெருநூலை 1543-இல் பாசலில் அச்சிட்டவர் இவரே. அச்சு வேலையைப் பார்க்க வந்திருந்த வெசாலியஸ், மரண தண்டனைக்கு உள்ளான குற்றவாளி ஒருவனின் உடலை அந்நகரில் அறுத்துக் காட்டினார். அப்போது அவருக்கு உதவியாக நின்றவர் பிரான்ஸ் யெக்கெல்மன் என்னும் இரண வைத்தியர். அவருடைய மகள் மாதலேனையே பிற்காலத்திற் பெலிக்ஸ் மணந்தான். வெசாலியஸ் கோத்துக் கொடுத்த அந்த எலும்புக்கூடு பாசல் பல்கலைக் கழகத்தில் இன்றும் காக்கப்படுகின்றது.

அந்நகரிற் பிறந்து வளர்ந்த சிறுவனுக்கு மருத்துவ வேட்கை இயல்பாகவே எழுந்தது. கசாப்புக் கடையில் விலங்குகளின் உட்பாகங்களை வெளியே எடுப்பதை அவன் கண் கொட்டாமற் பார்த்து நிற்பானாம். தந்தைக்கும் மகன் மருத்துவனாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. தாமே ஒரு காலத்தில் மருத்துவர் ஒருவரிடம் பணியாற்றி, அக்கல்வியைப் பெற விழைந்து, நிறைவேறாமல் விட்டவர் அவர். தமக்கு எட்டாத கனியை மகன் பறிக்க வேண்டும் என்று எண்ணினார்.

இருபது நாட் பயணம்

1552-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பெலிக்ஸ் பாசலை விட்டுப் புறப்பட்டான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ 16. ஊரிற் கொள்ளைநோய் பரவியிருந்த காலம் அது. முந்திய ஆண்டு அவன் தமக்கை ஊர்சுலா அந்நோய்க்கு இரையாகியிருந்தாள். தந்தை பொற்காசுகளை மகனின் சட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அவன் குதிரை மீதேறித் துணைவர்களுடன் தெற்கு நோக்கிச் சென்றான்.

வழியில் நேர்ந்தவற்றையெல்லாம் அவன் ஏடு விரிவாகக் கூறுகின்றது. லோசான் நகருக்கு அருகே காட்டில் வழி தவறிய பயணிகள், கள்வர் கூடும் சத்திரம் ஒன்றில் தங்க நேர்ந்தது. அன்றிரவு வாளைக் கையருகே வைத்துக்கொண்டு, உறங்காமல் விழித்திருந்து, விடியுமுன்னரே தப்பிச் சென்றனர். ஜெனீவாவிற் பெலிக்ஸ், தந்தை கொடுத்த கடிதத்துடன் கால்வினைக் கண்டான். அவர் மான்பெலியே செல்லும் இரண வைத்தியர் ஒருவரை அவனுக்கு வழித்துணையாகச் சேர்த்துவிட்டார். அவிஞ்ஞோன் நகரை அடைந்தபோது அவனைத் தனிமை வாட்டியது. மொழி தெரியாத ஊர். அறிந்த முகம் ஒன்றும் இல்லை. குதிரைக் கொட்டிலுக்குள் நுழைந்து, தன் குதிரையைக் கட்டிக்கொண்டு அழுதான். இருபது நாட் பயணத்தின் பின், அக்டோபர் 30-ஆம் நாள் மான்பெலியே வந்து சேர்ந்தான்.

புகழ் பெற்ற பேராசிரியர் ஒருவர், தாம் இளமையிற் குதிரையைக் கட்டிக்கொண்டு அழுததை மறைத்திருக்கலாம். பிளாட்டர் மறைக்கவில்லை. அவருடைய ஏட்டுக்கு மதிப்பளிப்பது இந்த மறைக்காமையே. தம் பேதைமையையும் அச்சத்தையும் உள்ளவாறு கூறுபவர், பிறரைப் பற்றிக் கூறுவதையும் நம்பலாம் அன்றோ?

மருந்துக் கடையில் வாசம்

மான்பெலியே மருத்துவக் கல்லூரி பழமை வாய்ந்தது. அதன் முதற் சட்டங்கள் 1220-இல் வகுக்கப்பட்டவை. பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலே 1530-இல் அங்கு மாணவராகப் பதிந்துகொண்டார். பெலிக்ஸ் சென்ற காலத்தில் அங்கே சிறந்து விளங்கிய ஆசான் ரோந்தெலே என்பவர். கடல்மீன்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1554-இல் வெளிவந்தது.

பெலிக்ஸ் தங்கியது லோரான் கத்தலான் என்னும் மருந்துக் கடைக்காரரின் வீட்டில். கத்தலானின் மகன் ஜெர்மன் மொழி வழங்கும் ஊரிலே தங்கிப் படிக்க, அதற்கு ஈடாகப் பெலிக்ஸ் இங்கே உண்டு உறைந்து படித்தான். பணம் அரிதான குடும்பங்கள் இவ்வாறு பிள்ளைகளை மாற்றிக்கொண்டு கல்வி தருவது அக்கால வழக்கம். கத்தலான் குடும்பத்தார் ஸ்பெயின் நாட்டு யூத மரபில் வந்து கிறித்துவத்தைத் தழுவியோர். பன்றியிறைச்சியை விலக்குவது போன்ற பழைய வழக்கங்கள் சில அவ்வீட்டில் எஞ்சியிருந்தன. அவர்கள் கத்தோலிக்க நகரில் வாழ்ந்தவர்கள். பெலிக்ஸோ புரோட்டஸ்டண்டு சமயத்தவன். ஒரே வீட்டில் மூன்று மரபுகள் கூடியிருந்த நிலையை அம்மாணவனின் ஏடு நேரிற் காட்டுகின்றது. இதனைப் பல்கலைக் கழகப் பதிவேட்டிலிருந்து எவரும் அறிந்திருக்க முடியாது.

தவக்காலத்தில் முட்டையும் இறைச்சியும் உண்ணல் அந்நகரிற் கடுங் குற்றம். பசி பொறாத பெலிக்ஸ், தாளின் மேல் வெண்ணெய் தடவி, அதனைக் கனல் மீது பிடித்து, அதில் முட்டையைப் பொரித்து மறைவாக உண்டான். முட்டை ஓடுகளைத் தன் அறையில் ஒளித்து வைத்தான். வேலைக்காரி அவற்றைக் கண்டுபிடிக்க, வீட்டில் பெருங் கலகம் மூண்டது.

கத்தலானின் கடையும் அவனுக்கு ஒரு பள்ளியாயிற்று. மருந்துச் சரக்குகளை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு கூட்டுவது, எவ்வாறு காப்பது என்பவற்றை அருகிலிருந்து பார்த்தான். மருந்து முறைகளைத் தேடித் தேடிப் படியெடுத்துக்கொண்டான். ஓய்வு நேரத்தில் லூட் என்னும் நரம்புக் கருவியை இசைத்தான். கடற்கரைக்குச் சென்று சிப்பிகளைப் பொறுக்கினான். தெற்கத்திப் பழங்களையும் கடற்பொருள்களையும் பெட்டியிலிட்டுத் தந்தைக்கு அனுப்பினான். தந்தையிடமிருந்து இலத்தீன் மொழியில் அறிவுரைக் கடிதங்கள் வந்தன. ஏழை ஆசிரியரின் மகனாகிய அவன் மற்றவர்களை விஞ்சினாலன்றிப் பாசலிற் பிழைக்க இயலாது என்பதே அவற்றின் சாரம். அக்கடிதங்கள் காக்கப்பட்டு 1890-இல் அச்சேறின.

கேட்ட பாடமும் கண்ட பாடமும்

அக்காலத்து மருத்துவக் கல்வி பெரும்பாலும் கேள்விக் கல்வியே. இப்போக்கிரத்தீஸ், காலென் ஆகிய முன்னோர் நூல்களை ஆசிரியர் இலத்தீனில் வாசித்து உரை கூறுவார். மாணவர் கேட்டு எழுதிக்கொள்வர். உடலை அறுத்துக் காட்டும் நாளிலுங்கூட, ஆசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலைப் படிக்க, இரண வைத்தியம் செய்யும் நாவிதர் ஒருவரே கத்தியைப் பிடிப்பது பழைய முறை. நூலில் உள்ளதும் உடலில் உள்ளதும் மாறுபட்டால், நூலையே நம்பும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. வெசாலியஸின் நூல் அவ்வழக்கத்தை அசைத்துப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன.

மான்பெலியேக்கு வந்த சில வாரங்களிலேயே பெலிக்ஸ் அத்தகைய உடலறுவையைக் கண்டான். மாணவர் மட்டுமன்றி நகரப் பெருமக்களும் துறவியரும் பெண்டிரும் பார்க்க வந்திருந்தனர் என்று எழுதினான். அதன் பின்னர் நடந்தவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்து வைத்தான். இறந்தவர் யாவர், எந்நோயால் இறந்தனர், உள்ளே காணப்பட்டது என்ன என்பனவே அவனுக்கு முதன்மையாயின. பாடக் குறிப்பில் ஆசிரியர் சொன்னது இருக்கும். இவ்வேட்டில் மாணவன் கண்டது இருந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னது நினைவை வளர்க்கும். பின்னது கண்ணை வளர்க்கும்.

செடிகளிடத்தும் அவன் இதே முறையைக் கையாண்டான். மூலிகைகளை ஓவியத்திற் கண்டு கற்பதோடு நில்லாமல், செடியையே பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி வைக்கும் முறையை மான்பெலியேயில் அறிந்தான். அவ்வாறு தொடங்கிய தொகுப்பு வாழ்நாள் முழுதும் வளர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் 1580-இல் பாசல் வழியே பயணம் செய்தபோது பிளாட்டரின் இல்லத்தில் அதனைக் கண்டு வியந்து, தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். அத்தொகுப்பின் பெரும்பகுதி இன்று பெர்ன் நகரத்தில் உள்ளது. தாளில் ஒட்டிய செடியும் ஒருவகை நாட்குறிப்பே எனலாம். கண்டதற்கு அது அழியாச் சான்று.

நள்ளிரவுச் செயல்

கல்லூரியில் அறுக்கப்பட்ட உடல்கள் மாணவரின் வேட்கைக்குப் போதவில்லை. அதன் விளைவை 1554 டிசம்பர் மாதக் குறிப்புகள் கூறுகின்றன. காலோத்தஸ் என்னும் மாணவன் தலைமையிற் சிலர் படைக்கலம் தாங்கி, இரவில் நகர மதிலுக்கு வெளியேயிருந்த துறவியர் மடம் ஒன்றுக்குச் சென்றனர். துறவி ஒருவரே அவர்களுக்குத் துணையாக இருந்தார். நள்ளிரவு வரை மடத்தில் மது அருந்திக் காத்திருந்து, பின்னர் அருகிலுள்ள சென் தெனி இடுகாட்டுக்குப் போயினர். அன்று புதைத்த குழி, மண் இறுகவில்லை, கைகளாலேயே தோண்டினர். உடலைக் கயிற்றாற் கட்டி இழுத்து, மேலங்கிகளிற் சுற்றி, கழியில் தாங்கி நகர வாயிலுக்குக் கொண்டுவந்தனர். குடிக்க மது வேண்டும் என்று வாயிற்காவலனிடம் கேட்டனர். அவன் அதனைக் கொண்டுவர உள்ளே சென்ற நேரத்தில், சிலர் உடலை வாயிலுக்குள் இழுத்துக்கொண்டு காலோத்தஸின் வீட்டிற் சேர்த்தனர். துணியை அவிழ்த்தபோது அது ஒரு பெண்ணின் உடல் என்றும், அவளுடைய கால்கள் பிறவியிலேயே வளைந்திருந்தன என்றும் கண்டனர்.

சில நாட்களுக்குப் பின் மீண்டும் சென்றனர். இம்முறை இரண்டு உடல்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று மாணவன் ஒருவனுடையது. மற்றது சிறுவன் ஒருவனுடையது. அதன்பின் துறவியர் இடுகாட்டைக் காவல் காக்கத் தொடங்கினர். வரும் மாணவர் மீது அம்பு எய்தனர்.

இச்செய்தியை இன்று படிப்போர் உள்ளத்தில் இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழும். கற்பதற்காக உயிரையும் துச்சமாக மதித்த மாணவரின் வேட்கையைக் கண்டு வியப்பு ஒருபுறம். தாயோ மகளோ மனைவியோ என்று எவரோ அழுது புதைத்த ஒருத்தியை மறுநாட் காலைக்குள் குழியிலிருந்து எடுத்துச் சென்ற கொடுமையைக் கண்டு வருத்தம் மறுபுறம். பெலிக்ஸின் ஏடு தலைவனின் பெயரைக் கூறுகின்றது. உதவிய துறவியைக் கூறுகின்றது. காவலனையும் மதுவையும் கூறுகின்றது. அப்பெண்ணின் பெயரை மட்டும் கூறவில்லை. அவளைப் பற்றி அது கூறுவதெல்லாம் அவளுடைய கால்களை மட்டுமே.

மருத்துவ வரலாற்றின் பெரியதோர் உண்மை இவ்விடுபாட்டில் அடங்கியுள்ளது. உடலின் அமைப்பை உலகத்துக்குக் கற்பித்தோர் ஆசிரியர் மட்டுமல்லர். பெயரற்ற ஏழையரும், ஆதரவற்றோரும், தூக்கிலிடப்பட்டோரும் அவர்களுடன் சேர்ந்து கற்பித்தனர். அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. இவ்வுண்மையைப் பாடநூல்கள் மறைத்தன. மாணவனின் ஏடு மறைக்கவில்லை. ஆனால் அது தன் செயலுக்காக வருந்தவும் இல்லை. தலையங்கமோ தீர்ப்போ இன்றி, நடந்ததைக் கூறி நின்றுவிட்டது. தீர்ப்பு வழங்கும் பொறுப்பு படிப்போர் மேலது.

தீயிடை மாண்டோர்

மான்பெலியேயில் மாணவன் கண்டவை கல்லூரி நிகழ்ச்சிகள் மட்டுமல்ல. புரோட்டஸ்டண்டு சமயத்தைத் தழுவிய குற்றத்துக்காக மக்கள் பொதுவிடத்தில் எரிக்கப்பட்ட காலம் அது. 1554-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முன்பு குருவாயிருந்து பின்னர் புதுச் சமயம் சார்ந்த கியோம் தலான்சோன் என்பவரை அவ்வாறு கொன்றதைப் பெலிக்ஸ் எழுதியுள்ளான். அவருடன் குற்றஞ் சாட்டப்பட்ட துணி வெட்டும் தொழிலாளி ஒருவர் முதலில் அஞ்சிப் பின்வாங்கினார். பின்னர் முன்னவரின் உறுதியை எண்ணி, தம் கொள்கையை மீண்டும் வெளிப்படையாக உரைத்து, தாமும் தீக்கிரையானார்.

எரிக்கப்பட்டோரின் சமயமே பெலிக்ஸின் சமயமும். ஆயினும், அயல்நாட்டு மாணவர் என்னும் காரணத்தால் ஜெர்மன் மொழி பேசிய மாணவர் பெரும்பாலும் தொல்லையின்றி வாழ்ந்தனர். தன் சமயத்தார் மாள்வதைக் கூட்டத்தின் நடுவே நின்று பார்க்கும் இளைஞனின் உள்ளம் எந்நிலையில் இருந்திருக்கும்! அதனை அவன் நீளச் சொல்லவில்லை. காற்றும் மழையும் விறகும் கயிறும் இறப்போரின் முகமும் எவ்வாறு இருந்தன என்று சொல்கின்றான். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவனுக்கும் இதே அடக்கம் வேண்டும். உணர்ச்சி உள்ளே இருக்க, கண் தன் கடமையைச் செய்ய வேண்டும்.

எழுதியவர் இளைஞரா, முதியவரா?

ஈண்டு ஆராய்ச்சிக்குரிய வினா ஒன்று எழுகின்றது. இன்று கிடைக்கும் நூல், மான்பெலியேயில் அன்றாடம் எழுதப்பட்ட ஏடு அன்று. 1612-ஆம் ஆண்டில், தம் 76-ஆம் வயதில், பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் முன்வைத்துக்கொண்டு பிளாட்டர் தொகுத்தெழுதிய தன் வரலாறே அது. அவ்வாறாயின், அதிற் காணும் குரல் 18 வயது இளைஞனுடையதா, ஊர் போற்றும் முதியவருடையதா?

இரண்டும் கலந்ததே எனல் வேண்டும். ஆனால் நாளும் மாதமும் பெயரும் தொகையும் அடுக்கடுக்காக வரும் பகுதிகளை நினைவாற்றலால் மட்டும் எழுதுதல் இயலாது. அரை நூற்றாண்டுக்கு முன் நடந்ததை நினைவு அழகுபடுத்திக் கூறும், சிறியதைப் பெரிதாக்கும், பழியைப் பிறர்மேற் சுமத்தும். எழுதி வைத்த ஏடு அதனைத் தடுத்து நிறுத்தும். வெண்ணெய் தடவிய தாளும், கொட்டிலில் நின்ற குதிரையும் அக்குறிப்புகளால் வாழ்பவை. முதியவர் செய்தது கோத்தலே. மணிகளைத் திரட்டியவன் இளைஞன்.

தந்தை தாமஸும் 1572-இல் தம் வரலாற்றை எழுதியவரே. மகன் கேட்டுக்கொண்டதால் எழுதியதாக அவர் கூறுகின்றார். ஆக, இக்குடும்பத்தில் எழுத்துப் பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் வரவில்லை. மகனிடமிருந்து தந்தைக்கும் சென்றது. இருவர் வரலாறும் 1840-இல் பாசலில் ஒரு நூலாக அச்சேறின. பிரெஞ்சு வரலாற்றறிஞர் லெ ருவா லதுரி, இக்குடும்பத்தின் ஏடுகளைக் கொண்டே 16-ஆம் நூற்றாண்டு வாழ்வை விளக்கும் நூல் ஒன்றை 1995-இல் வெளியிட்டார்.

தம்பியின் ஏடு

பெலிக்ஸ் 1557 பிப்ரவரியில் மான்பெலியேயை விட்டுப் புறப்பட்டு, தூலூஸ், போர்தோ, பாரிஸ் வழியே மே மாதம் பாசல் சேர்ந்தார். அவ்வாண்டே மருத்துவப் பட்டமும் பெற்றார், மாதலேனையும் மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. தந்தை முதுமையில் இரண்டாம் மணம் செய்து பெற்ற மகனான இளைய தாமஸ் 1574-இற் பிறந்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் வயது வேறுபாடு ஏறத்தாழ 38 ஆண்டுகள். 1582-இல் தந்தை இறக்க, பெலிக்ஸே தம்பிக்குத் தந்தையாக இருந்து வளர்த்தார்.

தம்பியையும் 1595-இல் அதே மான்பெலியேக்கு மருத்துவம் கற்க அனுப்பினார். தம்பியும் கண்டவற்றையெல்லாம் எழுதினான். கல்வி முடிந்தபின் பிரான்சு, ஸ்பெயின், இங்கிலாந்து முதலிய நாடுகளைச் சுற்றி 1600-இல் வீடு திரும்பினான். 1599 செப்டம்பர் 21-ஆம் நாள், பிற்பகல் 2 மணியளவில், லண்டனில் தேம்ஸ் ஆற்றைக் கடந்து சென்று, கூரை வேய்ந்த அரங்கு ஒன்றில் ஜூலியஸ் சீசரைப் பற்றிய துன்பியல் நாடகத்தைக் கண்டதாக அவன் எழுதியுள்ளான். ஆசிரியர் பெயரை எழுதவில்லை. அரங்கின் பெயரையும் எழுதவில்லை. எனினும், அது ஷேக்ஸ்பியரின் நாடகமே என்றும், அரங்கு புதிதாகக் கட்டப்பட்ட குளோப் என்றும் அறிஞர் கொள்கின்றனர். அந்நாடகம் மேடையேறிய நாளுக்கு அம்மருத்துவ மாணவனின் சில வரிகளே முதற் சான்று. எது பயன்படும், எது பயன்படாது என்று எழுதும்போது எவராலும் அறிய முடியாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

வீடு வீடாக எடுத்த கணக்கு

பாசலுக்குத் திரும்பிய பிளாட்டர், 1559-இல் அந்நகரில் மக்கள் பார்க்க ஓர் உடலை அறுத்துக் காட்டினார். வாழ்நாளில் முந்நூறுக்கு மேற்பட்ட உடல்களை ஆராய்ந்தார் எனப்படுகின்றது. 1614-இல் வெளிவந்த தம் கடைசி நூலில், தாம் கண்ட நோயாளிகளின் வரலாற்றை ஒவ்வொன்றாகத் தொகுத்தளித்தார். குணமடைந்தோரை மட்டும் கூறித் தம் திறமையை விளம்பரம் செய்யவில்லை. மாண்டோரையும், மாண்டபின் உடலை அறுத்துக் கண்டவற்றையும் சேர்த்தே கூறினார். சிறிது சிறிதாக அறிவு மங்கி இறந்த ஒருவரின் தலையைத் திறந்து, மூளையை அழுத்தி நின்ற உருண்டையான கட்டியைக் கண்டு விவரித்த பகுதி, மூளைக் கட்டியைப் பற்றிய மிகப் பழைய தெளிந்த குறிப்புகளுள் ஒன்றாக மருத்துவரால் மதிக்கப்படுகின்றது. மான்பெலியேயில் மாணவன் எழுதிய ஏட்டின் வளர்ந்த வடிவமே இந்நூல்.

பாசலை ஏழு முறை கொள்ளைநோய் தாக்கியதைப் பிளாட்டர் தம் வாழ்நாளிற் கண்டார். ஏழாவது முறை 1610, 1611-ஆம் ஆண்டுகளில் வந்தது. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்தவர். நோயைத் தீர்க்கும் மருந்து அவரிடமும் இல்லை. உலகில் எவரிடமும் இல்லை. ஆனால் அவரிடம் இளமைப் பழக்கம் இருந்தது. தெருத் தெருவாக, வீடு வீடாக, எத்தனை பேர் நோயுற்றனர், எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் மாண்டனர் என்று கணக்கெடுத்தார். ஏறத்தாழ 6,400 பேர் நோயுற்றதையும், அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததையும் அக்கணக்குக் காட்டுகின்றது. நோயுற்றோரில் ஐவருக்கு இருவர் பிழைத்தனர் என்பது அதனால் வெளியாயிற்று. தொற்றுநோயைக் கணக்கிட்டு அறியும் துறை தோன்றுமுன்னரே ஒரு தனி மனிதர் செய்த அரும்பணி இது.

சென் தெனி இடுகாட்டில் தோண்டியெடுத்த பெண்ணை இங்கே நினைத்தல் தகும். பதினெட்டு வயது மாணவன் அவளை உடலாக மட்டுமே கண்டான். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே மனிதர், தம் நகரத்து மாந்தருள் ஒருவர் மரணமும் கணக்கில் விடுபடாதவாறு ஒவ்வொரு வாயிலாக நின்று கேட்டார். இவ்விரு செயல்களுக்கும் இடையே மருத்துவர் ஒருவரின் வளர்ச்சி முழுவதும் அடங்கியுள்ளது. அவ்வளர்ச்சியை அவர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. இரண்டையும் எழுதி வைத்ததனால் அது தானே விளங்குகின்றது.

மாணவர்க்குக் குறிப்பேடு எழுதக் கற்பிக்கும் ஆசிரியர், அழகிய நடையை முதலில் வேண்டுவது இயல்பு. பிளாட்டரின் எழுத்தில் அழகிய நடை இல்லை; அவர் தம் ஊர்ப் பேச்சு ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். அதில் இருப்பது நாளும், இடமும், கண்டதும், மறைக்காமையுமே. அந்நான்கும் இருந்ததனால், நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வேட்டை மருத்துவர் படிக்கின்றனர், வரலாற்றாசிரியர் படிக்கின்றனர். பிளாட்டர் 1614 ஜூலை 28-ஆம் நாள் மறைந்தார். அவருடைய தன் வரலாற்றின் கையெழுத்துப் படி பாசல் பல்கலைக் கழக நூலகத்தில் உள்ளது.